மதியச் சாப்பாட்டு மேசையில் இயேசுவைப் பற்றிப் பேசுவது

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். சென்னையில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை செய்கிறீர்கள். மதியம் ஆறேழு பேர் ஒரே மேசையில் சாப்பிடுகிறீர்கள். பேச்சு புதுப்படம், ஐபிஎல், பிக் பாஸ், யாரோ போட்ட ரீல்ஸ் என்று போகிறது. எந்தப் பேச்சையும் சில நிமிடங்களில் இயேசுவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று சபையில் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் நண்பர் ஒருவர் அப்பா, மகன் உறவைப் பற்றிய ஒரு படத்தைச் சிலாகித்துப் பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் இடையில் புகுந்து, "அந்த அப்பாவைவிட உங்களை அதிகமா நேசிக்கிற பரம பிதா ஒருத்தர் இருக்கார், தெரியுமா?" என்று கேட்டீர்கள். மறுநாளிலிருந்து அவர் வேறு மேசையில் உட்காருகிறார். எங்கே தவறினேன், பேச்சை எப்படித் திருப்பியிருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

கேள்வி பேச்சைத் திருப்புவது பற்றி இருந்தாலும் உங்கள் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். வாழ்க்கையில் மிக முக்கியமானதை மறைத்துக்கொண்டு இவர்களோடு சிரித்துப் பேசுவது உங்களுக்குப் பொய்யாகத் தெரிகிறது. வெளியே சொன்னால் நட்பு போகிறது. நட்பையும் இழக்காமல் விசுவாசத்தையும் மறைக்காமல் ஒருவன் இருக்க முடியுமா? இதுதான் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் இறையியல் படித்தவன். இருபது வருடத்துக்கு மேல் மதுரையிலும் கோவையிலும் கல்லூரி மாணவர்கள் நடுவே ஊழியம் செய்தேன். இப்போது சென்னையில் வேலைக்குப் போகிற இளைஞர்களோடு வாரம் ஒருமுறை கூடுகிறோம். ஐடி கம்பெனிக்குள் நான் வேலை பார்த்ததில்லை. என் அனுபவம் பெரும்பாலும் விடுதி வராந்தாவிலும் டீக்கடையிலும் கிடைத்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் கேள்வியை நான் மூன்று முறை படித்தேன். நீங்கள் சொன்ன வாக்கியம் அப்படியே வார்த்தைக்கு வார்த்தை அதில் இருக்கிறது. நண்பர் சொன்னது ஒரு வரிகூட இல்லை. அந்தப் படத்தில் அவருக்கு எந்த இடம் பிடித்தது? அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது? அவருடைய அப்பா உயிரோடு இருக்கிறாரா? உங்களைக் குற்றம் சொல்ல இதைக் கேட்கவில்லை. இருபத்தைந்து வயதில் நானும் இதையேதான் செய்தேன். விடுதியில் ஒரு மாணவன் என்னிடம் நேராகவே சொன்னான்: "சார், நாங்க பேசறப்போ எல்லாம் நீங்க எங்க திருப்பலாம்னு பார்த்துக்கிட்டே இருக்கீங்க. உங்க முகத்திலேயே தெரியுது." அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் சொன்னது உண்மை. அவன் பேசி முடிப்பதற்காக நான் காத்திருந்தேனே தவிர, அவன் பேசியதைக் கேட்கவில்லை.

பத்து வருடமாகத் தொடர்பில் இல்லாத ஒருவர் திடீரென்று போன் செய்து, நல்லா இருக்கீங்களா, பிள்ளைங்க என்ன படிக்குது என்று விசாரித்துவிட்டு, ஐந்தாவது நிமிடத்தில் ஏதோ ஒரு சங்கிலித் தொடர் வியாபாரத்தில் ஆள் சேர்க்கப் பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும்? அவர் விசாரித்த நலம்கூடப் பொய்யாகிவிடுகிறது. படத்தைப் பற்றிப் பேசுவது போலத் தொடங்கி வேறு எங்கோ கொண்டுபோகும்போது நம் நண்பருக்கும் அதுதான் தோன்றும். "மனுஷரைப் பிடிக்கிறவர்கள்" என்ற வசனத்தைச் சொல்லி, கலாச்சாரம்தான் தூண்டில் புழு என்று சிலர் கற்றுக்கொடுக்கிறார்கள். மீனவர்களான பேதுருவையும் அந்திரேயாவையும் இயேசு அழைத்தபோது சொன்ன வார்த்தை அது; அந்த இடத்தில் அவர்கள் கையில் இருந்தது வலை. அங்கே புழு இல்லை, ஏமாற்றும் இல்லை. நண்பர் நேசிக்கிற ஒன்றைப் புழுவாக மாற்றாதீர்கள் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிற முக்கியமான விஷயம். அவருக்குப் பிடித்த படத்தை அந்தப் படத்துக்காகவே அவரோடு பேசத் தெரிய வேண்டும்.

இந்த விஷயத்துக்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது அப்போஸ்தலர் 17-ஆம் அதிகாரம், அத்தேனே பட்டணத்தில் பவுல் பேசியது. "அறியப்படாத தேவனுக்கு" என்ற பலிபீடத்திலிருந்து பேச்சைத் தொடங்கினார், அவர்களுடைய புலவரின் வரியையே மேற்கோள் காட்டினார், நாமும் அப்படிச் செய்ய வேண்டும் என்பார்கள். சரிதான். ஆனால் 23-ஆம் வசனத்தில் அதற்கு முன்னால் இருப்பதை அவசரத்தில் தாண்டிவிடுகிறோம்: "நான் சுற்றித்திரிந்து, உங்கள் ஆராதனைக்குரியவைகளைக் கவனித்துப் பார்த்தபொழுது." சுற்றியிருக்கிறார், கவனித்திருக்கிறார், கல்லில் எழுதியிருந்ததை நின்று படித்திருக்கிறார். "நாம் அவருடைய சந்ததியார்" என்று அவர் சொன்ன வரி அராத்து என்ற கிரேக்கக் கவிஞருடையது. அராத்து கிலிக்கியாவில் பிறந்தவர். பவுலின் தர்சு ஊரும் கிலிக்கியாவில்தான் இருக்கிறது. தன் பக்கத்து ஊர்க் கவிஞரின் வரியை மேடையில் நிற்கும்போது யாரும் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. என்றைக்கோ படித்து மனதில் தங்கியிருந்தது, தேவைப்பட்ட நேரத்தில் தானாக வந்தது. இன்னொன்றையும் பாருங்கள். கேட்டவர்களில் சிலர் இகழ்ந்தார்கள், சிலர் "இன்னொருவேளை கேட்போம்" என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். பவுல் யாரையும் பிடித்து நிறுத்தவில்லை, அவர்களை விட்டுப் போய்விட்டார்.

இங்கே ஒரு கருத்து வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். அத்தேனேயில் பவுல் செய்தது தோல்வி என்றும், அதனால்தான் அடுத்துக் கொரிந்துவுக்குப் போனபோது சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவைத் தவிர வேறொன்றையும் அறியாதிருக்கத் தீர்மானித்தார் என்றும் சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அப்போஸ்தலர் புத்தகத்தை எழுதிய லூக்கா அந்தப் பேச்சைத் தோல்வியாக எழுதவில்லை. தியொனீசியு, தாமரி என்று பேர் சொல்லி விசுவாசித்தவர்களைக் குறிப்பிடுகிறார். ஆனாலும் அந்த வாதத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. படத்தையும் பாட்டையும் பேசிப் பேசியே காலத்தை ஓட்டிவிட்டுச் சிலுவையைப் பற்றி வாயே திறக்காமல் இருந்துவிடலாம். அதுவும் நடக்கிறது. நானே சில வருடங்கள் அப்படி இருந்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால், நாட்டு நடப்பைப் பற்றி எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொள்ள லூக்கா 13-ஆம் அதிகாரம்தான் முதலில் படிக்க வேண்டியது. சிலர் இயேசுவிடம் அன்றைய செய்தியோடு வருகிறார்கள்: பிலாத்து கலிலேயர் சிலரைப் பலி செலுத்திக்கொண்டிருக்கும்போதே கொன்றுவிட்டான் என்று. இயேசு இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்கிறார்: சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தார்களே, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லோரையும்விடக் குற்றவாளிகளா? அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். செத்தவர்களைக் காட்டி அவர் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. கேட்டவர்களை, அவரவர் வாழ்க்கையைப் பார்க்கச் சொன்னார். நம்மில் எத்தனை பேர் இதற்கு நேர் எதிராகச் செய்கிறோம்! எங்காவது நிலநடுக்கம் என்றால் அடுத்த அரை மணி நேரத்தில் "கடைசிக் காலம்" என்று வாட்ஸ்அப்பில் வசனம் பறக்கிறது. 2004 சுனாமி கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் வந்தது. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் பலர் அதில் மாண்டார்கள். அதைத் தண்டனை என்று பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன். அந்தக் குடும்பங்களின் முகத்தைப் பார்த்து அவர்களால் அதைச் சொல்லியிருக்க முடியாது. மேசையில் ஒரு விபத்துச் செய்தி வந்தால், அதை உடனே வசனத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். "ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று சொல்வதே ஒரு கிறிஸ்தவனுக்குப் போதுமான முதல் பேச்சு.

சரி, பேச்சு தானாகவே நம் வாசலுக்கு வரும் நேரங்களும் உண்டு. 2025 அக்டோபர் 30-ஆம் தேதி நவி மும்பையில் நடந்த மகளிர் உலகக் கோப்பை அரையிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியா 338 ரன் எடுத்தது. ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆட்டமிழக்காமல் 127 அடித்து இந்தியாவை ஜெயிக்க வைத்தார். முடிந்ததும் கண்ணீரோடு, முதலில் இயேசுவுக்கு நன்றி சொன்னார். அமைதியாக நில், கடவுள் உனக்காகப் போராடுவார் என்ற வேத வசனத்தைக் கடைசியில் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். யாத்திராகமம் 14-ல் மோசே செங்கடல் ஓரத்தில் ஜனங்களுக்குச் சொன்ன வார்த்தையை அது நினைவூட்டும். மறுநாள் எங்கள் கூடுகைக்கு வருகிற ஒரு பெண்ணிடம் அவளுடைய அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள்: "என்னம்மா, உங்க சாமிதான் ஜெயிக்க வெச்சாரா?" கொஞ்சம் கிண்டல், கொஞ்சம் உண்மையான ஆவல்.

அந்தக் கேள்விக்கு "ஆமாம், எங்க தேவன் வெற்றி தருகிறவர்" என்று சொல்வது சுலபம். ஆனால் அது உண்மை இல்லை. தோற்ற அணியிலும் ஜெபித்தவர்கள் இருந்திருக்கலாம். அதே தொடரில் ஜெமிமாவே ஒரு ஆட்டத்தில் அணியிலிருந்து நீக்கப்பட்டு வெளியே உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் வேறு மாதிரி பதில் சொன்னாள். ஜெமிமா அந்த நாட்களில் மனப் பதற்றத்தில் இருந்ததையும், அம்மாவுக்குப் போன் செய்து அழுததையும் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார் இல்லையா, அதைப் பற்றிப் பேசினாள். "எனக்கும் போன வருஷம் ப்ராஜெக்ட் போனப்போ அப்படித்தான் இருந்துச்சு. ஜெபம் பண்ணினதால எல்லாம் சரியாயிடல. ஆனா தனியா இல்லைன்னு தெரிஞ்சுது." அவ்வளவுதான் சொன்னாள். ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. கேட்டவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் ராத்திரி தூக்கமே வர்றதில்ல" என்றாராம். அங்கிருந்து அவர்களுக்குள் ஒரு பேச்சு தொடங்கி இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறது. அவர் சபைக்கு வந்துவிட்டாரா என்று கேட்காதீர்கள், வரவில்லை. ஆனால் அவள் சொன்னதில் வெற்றிக் கணக்கு எதுவும் இல்லை, பொய்யும் இல்லை. ஒரு கிறிஸ்தவ சாட்சி அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சினிமாவுக்கு வருவோம், நம் ஊரில் அதுதான் பெரிய பேச்சு. படத்துக்குள் இயேசுவைத் தேடாதீர்கள் என்பேன். நாயகன் கடைசியில் மற்றவர்களுக்காகச் சாகிறான், எனவே அவன் கிறிஸ்துவுக்கு அடையாளம் என்று சொன்னால் இயக்குநரே சிரிப்பார். அதைவிட, பார்த்தவர் அந்தப் படத்தில் எதற்காக ஏங்கினார் என்று தேடுங்கள். மதுரையில் ஒரு மாணவன் பழிவாங்கும் படம் ஒன்றை நாலு தடவை பார்த்துவிட்டு வந்திருந்தான். மன்னிப்பைப் பற்றிப் பேசலாம் என்று எனக்கு வாய் துடித்தது. முந்தைய அனுபவத்தால் அடக்கிக்கொண்டு, "உனக்கு எந்த இடம் ரொம்பப் பிடிச்சுது?" என்று மட்டும் கேட்டேன். "வில்லனை முட்டி போட வெச்சு, பேரைச் சொல்லச் சொல்லுவான்ல சார், அந்த இடம். அவன் மன்னிச்சு விட்டிருந்தா நான் பாதியிலேயே எழுந்து வந்திருப்பேன்." ஏன் என்று கேட்டேன். அவன் கையில் இருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. அக்காவை வரதட்சணை கேட்டு அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். காவல் நிலையத்தில் சமாதானமாகப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

அந்த இடத்தில் நான் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்திருந்தால், அவனுக்கு நானும் அந்தக் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு ஆள் ஆகியிருப்பேன். சட்டப்படி என்ன செய்யலாம் என்று விசாரித்து ஒரு வக்கீலிடம் அனுப்பினோம். பிறகு ஒரு நாள் சங்கீதம் 10-ஐ அவனுக்குப் படித்துக் காட்டினேன். "கர்த்தாவே, ஏன் தூரத்தில் நிற்கிறீர்?" என்று தொடங்கி, துன்மார்க்கனுடைய புயத்தை முறித்துவிடும் என்று கேட்கிற ஜெபம் அது. "பைபிள்ல இப்படிக்கூட இருக்கா சார்?" என்றான். அவனுக்குத் தெரிந்த இயேசு, படத்தில் சாந்தமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர். அநியாயத்தைக் கண்டு கோபப்படுகிற கடவுளை அவன் கேள்விப்பட்டதே இல்லை. சிலுவை என்பது அநியாயத்தைச் சகித்துக்கொண்டு போ என்று சொல்கிற செய்தி அல்ல, அநியாயத்தைக் கடவுள் தன் தலையில் ஏற்றுக்கொண்டு தீர்க்கிற இடம் என்று அவனோடு பேச எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது. அந்தப் பழிவாங்கும் படம் இல்லாவிட்டால் அந்தப் பேச்சே தொடங்கியிருக்காது.

நம் மொழியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதை யாரும் பயிற்சியில் சொல்லித் தருவதில்லை. சபைக்குள் நாம் பேசுகிற தமிழ் ஒன்று, மேசையில் இருப்பவர்கள் பேசுகிற தமிழ் வேறு. "பாவம்" என்று நீங்கள் சொன்னால் அவர் காதில் "ஐயோ பாவம்" என்ற இரக்கம் கேட்கிறது. "பாவி" என்பது அவருக்கு வசவு. "ஆவி" என்றால் பேய், இல்லாவிட்டால் சளி பிடித்தால் முகத்தில் பிடிக்கிற வெந்நீர் ஆவி. "அபிஷேகம்" என்றால் கோயிலில் பால் ஊற்றுவது. "சாட்சி" என்றால் கோர்ட். "இரட்சிப்பு" என்ற சொல்லை நம்மைத் தவிர அன்றாடம் யாரும் சொல்வதில்லை. "நான் இரட்சிக்கப்பட்டு அபிஷேகம் பெற்றேன், அதுதான் என் சாட்சி" என்று ஒருவர் சொன்னால், தமிழே தாய்மொழியாக இருப்பவருக்கும் அது விளங்காது. இது புதிய பிரச்சினை இல்லை. கடவுள் என்பதற்கே எந்தச் சொல்லைப் போடுவது என்று நம் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அல்லாடினார்கள். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு சர்வேசுரன் என்றார், பின்னால் வந்த இன்னொரு ஜெர்மன் மிஷனரி பப்ரிசியுஸ் பராபரன் என்றார், நாம் இன்று வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் தேவன் என்று வந்தது, 1995-ல் வந்த திருவிவிலியம் கடவுள் என்கிறது. அவர்கள் அவ்வளவு காலம் தேடினார்கள் என்றால், நாம் வீட்டில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து "கிருபை" என்ற சொல்லைச் சொல்லாமல் கிருபையை எப்படிச் சொல்வது என்று யோசிக்கலாம். நான் யோசித்து வைத்திருப்பது இது: "எனக்குத் தகுதி இல்லாமலே கிடைச்சது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது." உங்களுடையது வேறாக இருக்கலாம்.

கிறிஸ்தவப் புலவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரை இங்கே நினைத்துக்கொள்வேன். அவர் காலத்தில் குறவஞ்சி நாடகம்தான் ஊரே கூடிப் பார்க்கிற ஆட்டம். சரபோஜி மன்னர் மேல் பாடிய குறவஞ்சி பெரிய கோயிலிலேயே நடிக்கப்பட்டது. சாஸ்திரியார் அந்த வடிவத்தை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். தேவமோகினி என்ற தலைவி இயேசுவின் மேல் காதல் கொள்கிறாள், குறத்தி வந்து குறி சொல்கிறாள். குறவஞ்சியின் சந்தமும், அதில் வருகிற குறவன் சிங்கனும் குறத்தி சிங்கியும் அவருக்கு அத்துப்படி. அதனால் அது ஒட்டுப்போட்டது போலத் தெரியவில்லை. நம் சபைகளில் இன்று சினிமா மெட்டில் வார்த்தையை மாற்றிப் போடுகிற பாட்டுகளுக்கும் அதற்கும் இருக்கிற தூரத்தைப் பாருங்கள்.

உங்கள் மேசையில் இருப்பவர்கள் இயேசுவைக் கேள்விப்படாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 6 சதவீதம். ஆனால் கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் படித்து, பரமண்டல ஜெபத்தை இன்றும் மனப்பாடமாகச் சொல்கிற இந்து நண்பர்கள் எத்தனை பேர்! அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை என்று சொல்பவர்கள் உண்டு. நீங்கள் என்னைப் போல சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபைக்காரராக இருந்தால் மாதாவைப் பற்றி உடனே திருத்தப் பார்ப்பீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த அம்மா என்ன கேட்டு நேர்ந்துகொண்டார், என்ன நடந்தது என்று முழுதாகக் கேளுங்கள். அதேபோல, சாதியைப் பற்றிய ஒரு படம் வந்ததும் யாராவது, "உங்க சர்ச்சுலயும் சாதி பார்க்கிறாங்களே, கல்லறையில சுவரே இருக்காமே?" என்று கேட்பார்கள். இருக்கிறது. சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. "இருக்கு, அது எங்க வெட்கம்" என்று சொல்லுங்கள். சபையின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து மழுப்பினால், அதன்பின் நீங்கள் இயேசுவைப் பற்றிச் சொல்கிற எதையும் அவர்கள் நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை, நான் வக்கீல் இல்லை. அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. மற்றொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. வேறு பல மாநிலங்களில் இன்று அப்படிச் சட்டங்கள் இருக்கின்றன. உங்கள் கம்பெனிக்கென்று தனி விதி இருக்கலாம், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குறிப்பாக உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் நீங்களாக இந்தப் பேச்சைத் தொடங்கவே கூடாது என்பது என் கண்டிப்பான எண்ணம். அவர்களால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது.

இத்தனை சொன்ன பிறகு, எது எனக்கு நிச்சயம், எது நிச்சயமில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். பேதுரு எழுதியது நிச்சயம்: நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று. கேட்கிறவர்களுக்கு என்று இருக்கிறது, கேட்கிற அளவுக்கு நாம் வாழ வேண்டும் என்ற பாரமும் அதில் இருக்கிறது. ஆனால் படம், கிரிக்கெட் என்று பேசுவது ஒருவரை விசுவாசத்துக்குக் கொண்டுவருமா என்று கேட்டால், எனக்குத் தெரிந்தவரை அப்படி நேரடியாக வந்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில், வேலை போன வாரத்தில், திருமணம் உடைந்த வருடத்தில் வந்தார்கள். ஆனால் அந்த நேரத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு யாருக்குப் போன் செய்வது என்று ஒருவர் தீர்மானிக்கும்போது, ஐந்து வருடமாகத் தன்னோடு சிரித்துப் பேசி, தன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவரின் எண்ணைத்தான் தேடுகிறார். இரண்டுக்கும் உள்ள தொடர்பை நான் பல தடவை கண்டிருக்கிறேன், அதை ஒரு விதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

விசுவாசத்தை மறைக்காமல் இருக்க முடியுமா என்றும் தொடக்கத்தில் கேட்டேன் இல்லையா? அதற்குத் திங்கட்கிழமை போதும். வாரக் கடைசி எப்படிப் போச்சு என்று எல்லோரும் கேட்பார்கள். படம் பார்த்தவர் படத்தைச் சொல்வார், ஊருக்குப் போனவர் ஊரைச் சொல்வார். நீங்கள், "சர்ச்சுக்குப் போனேன், பிரசங்கத்துல கேட்ட ஒரு விஷயம் இன்னும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு" என்று சொல்லலாம். யாராவது என்ன விஷயம் என்று கேட்டால் இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். அவர்கள் தங்கள் வாழ்க்கையைச் சொல்வது போல நீங்களும் உங்களுடையதைச் சொல்கிறீர்கள், அதில் திணிப்பு எதுவும் இல்லை.

இனி அந்த நண்பர். அவர் ஏன் மேசை மாறினார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உங்கள் பேச்சு காரணமாக இருக்கலாம், அவருடைய அப்பா காரணமாக இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். தனியாக இருக்கும்போது போய், "அன்னைக்கு நீங்க பேசிட்டு இருந்தீங்க, நான் குறுக்க பேசிட்டேன், தப்பு என் மேல" என்று சொல்லுங்கள். அதோடு வசனம் எதையும் சேர்க்காதீர்கள், சபைக்கும் கூப்பிடாதீர்கள். அவர் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். நின்று பேசினால், அந்தப் படத்தை நீங்கள் பார்த்தீர்களா இல்லையா என்பதை நேர்மையாகச் சொல்லுங்கள். பார்க்கவில்லை என்றால் முதலில் போய்ப் பாருங்கள். பார்த்த பிறகு, அன்று அவர் எந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வந்தார் என்று கேளுங்கள். இந்த முறை அவர் சொல்லி முடிக்கட்டும்.